பங்குனியில் எடுத்த பிள்ளை

சித்திரை மாதத்தில் ஆண் குழந்தை பிறந்தால் தாத்தாவுக்கு ஆகாது என்று என் சம்பந்தி வையாபுரிக்கு எவன் சொல்லிக் கொடுத்தானோ தெரியாது. அவன் இன்னும் உயிரோடு இருந்தால் ஊர்ப் பெயரை மட்டும் யாராவது எனக்குச் சொல்லுங்கள். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வையாபுரி லேசுப்பட்ட ஆள் இல்லை. நாமக்கல்லை விட்டு வெளியே வந்ததும் சாலையின் இரண்டு பக்கமும் தெரிகிற குஞ்சு பொரிக்கும் ஹேட்சரி அவருடையது. அவருடைய முட்டை லாரிகளுக்கு டிரைவர் கிடையாது, தானாகவே ஓடும். பழைய டிரைவர்கள் ஓட்டியதைப் பார்த்துக் கற்றுக்கொண்ட லாரிகள் என்பதால் இன்றைக்கும் ஒவ்வொரு டீக்கடையிலும் பத்து நிமிஷம் நின்றுவிட்டுத்தான் கிளம்பும். நம்பிக்கை இல்லாவிட்டால் டீக்கடையில் கேளுங்கள். நான் ஆயுசு முழுக்க போர்வெல் வண்டியோடு அலைந்தவன். ஆயிரத்து எண்ணூறு அடி இறங்கியபோது பூமிக்கு அந்தப் பக்கத்து ஆட்கள் சண்டை போடுகிற சத்தம் குழாயில் கேட்டிருக்கிறது. அதை நம்பினவர்கள் இதையும் நம்பலாம்.

என் ஒரே மகள் சாருமதியை அவருடைய ஒரே மகன் சபரீஷுக்குக் கொடுத்தேன். நிச்சயத்தன்று வையாபுரி என்னை ஹேட்சரிக்குள் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினார்.

“சம்பந்தி, முட்டைக்குள்ள குஞ்சு நேரா ஓட்டை உடைக்காதுங்க. உள்ளயே ஒரு காத்துப் பை இருக்குது. மொதல்ல அதைக் குத்தும். அங்கயே மூச்சுவிடப் பழகும். பழகுன பொறகுதான் ஓட்டை உடைக்கும். நடுவுல எவனாச்சும் மிஷின் கதவைத் தொறந்தான்னா அத்தனையும் போச்சு.”

“தொறந்தா என்ன பண்ணுவீங்க?”

“போன மாசம் ஒருத்தன் தொறந்தானுங்க. அன்னைக்கே சீட்டைக் கிழிச்சுட்டேன்.”

மூச்சின் அருமை தெரிந்த மனுஷன் வீட்டில் பெண் கொடுக்கிறோம் என்று சந்தோஷமாகத் திரும்பினேன்.

கல்யாணமான முதல் வருஷம் ஆடி பிறக்கும் முன்பே என் மகளை எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரையில் பிள்ளை வரும் என்கிற கணக்கு. மாதம் முழுக்க இருவரும் போனில் மட்டும்தான் பேசிக்கொண்டார்கள் என்பதற்கு நானே சாட்சி. நடுவில் ஒரே ஒரு நாள், சார்ஜர் கொடுக்க வந்தேன் என்று மாப்பிள்ளை வந்துபோனார். சார்ஜர் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று நான் கேட்கவில்லை. டாக்டர் தேதி குறித்தபோது சித்திரைக் கடைசி என்று வந்தது. அன்று வையாபுரி சாப்பிடவில்லை.

முன்பெல்லாம் இதற்கு ஒரு வழி இருந்தது. நல்ல நட்சத்திரம் பார்த்து, வலி வருவதற்கு முன்பே வயிற்றை அறுத்து எடுத்துவிடுவார்கள். மூன்று வாரம் முன்னால், நான்கு வாரம் முன்னால். ராஜயோகத்தில் பிறந்த குழந்தை மூச்சுவிடத் தெரியாமல் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும். அப்படிக் கிடந்தவை கூடிப்போய்க் கடைசியில் அரசாங்கத்துக்கே கோபம் வந்தது. அரசாங்கத்துக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். சம்மதச் சட்டம் என்று ஒன்றைப் போட்டார்கள்.

அது என்னவென்று எனக்கு வளைகாப்பு அன்றுதான் புரிந்தது. ஏழாம் மாதம் கைக்குக் காப்பு மாட்ட வேண்டும் என்று சட்டம் சொல்ல, நம் ஜனங்கள் அதையும் வளைகாப்போடு சேர்த்துக்கொண்டார்கள். கண்ணாடி வளையல் தட்டிலேயே சுகாதார நர்ஸ் கொண்டுவந்த பெட்டியும் இருந்தது.

“இது என்னம்மா பண்ணும்?” என்று நர்ஸிடம் கேட்டேன்.

“வயித்துப் புள்ளைக்கு நுரையீரல் பழுக்கணுமுங்கய்யா. பழுத்துதுன்னா உள்ள ஒரு வழவழப்பு ஊறும். அதுல துளி அம்மா ரத்தத்துக்கு வரும். இந்தக் காப்பு அதை மோப்பம் புடிச்சுப் பதிவேட்டுக்குச் சொல்லிரும். பதிவேடு சரின்னு சொன்னாத்தான் தியேட்டர் கதவு தொறக்கும்.”

“இல்லீன்னா?”

“கலெக்டரே வந்து தட்டுனாலும் தொறக்காதுங்க. உயிர் போற அவசரம்னா ரெண்டு டாக்டர் கைரேகை வெச்சுத் தொறக்கலாம். அப்புறம் அவங்க பதில் சொல்லோணும்.”

“ஆக, பையன் உள்ள இருந்துக்கிட்டே சரீங்கறான்.”

“அதாங்க சம்மதக் காப்பு. மாட்டுனா அந்த ரத்தத்தையே பழகிக்கும், வேற ஆளுக்கு மாத்த முடியாது. புள்ள பொறந்ததைப் பதிவேட்டுல ஏத்துனதும் தாலாட்டுப் பாடும். அப்ப வெட்டி எடுத்தறலாம்.”

அன்றைக்கு வையாபுரி ஒரு காரியம் செய்தார். அவருடைய ஹேட்சரியில் குஞ்சு தரம் பிரிக்கிற துளசிமணி என்கிற பெண்ணையும் கூட்டிவந்து, என் மகளுக்குப் பக்கத்தில் மணை போட்டு உட்கார வைத்தார். அவளுக்கும் முதல் பிரசவம். சாருமதியைவிட ஒரு மாதம் மூப்பு. புருஷன் போர் வண்டியோடு சத்தீஸ்கர் பக்கம் போயிருந்தான். ஏழாம் மாதத்திலேயே மாட்டியிருக்க வேண்டிய காப்பு அவளுக்கு விட்டுப்போயிருந்ததால் நர்ஸ் இரண்டு பெட்டியும் ஒரே தட்டில் வைத்தாள். “ஏழைப் புள்ளைக்கும் சேர்த்து வளைகாப்புப் போடறாரே, என்ன மனசு!” என்று பந்தியில் பேச்சு. நானும் நெகிழ்ந்துபோய் ஜிலேபியை இன்னொரு தரம் கேட்டு வாங்கினேன். எனக்குச் சர்க்கரை உண்டு.

பங்குனி முடியப் பத்து நாள் இருந்தது. வையாபுரி போன் செய்தார்.

“சம்பந்தி! உங்க பேரன் சரின்னுட்டானுங்க! பதிவேட்டுல இருந்து இப்பத்தான் செய்தி வந்துது. நாளைக்குக் காலைல அருமையான நேரம்.”

“இன்னும் அஞ்சு வாரம் இருக்குதுங்களே?”

“கதவுக்குத் தேதி தெரியாதுங்க. நுரையீரல்தான் தெரியும்.”

சாருமதியிடம் பேசினேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “பயப்படாதீங்கப்பா. அவனே சரின்னு சொல்லிட்டான். எனக்குச் சர்க்கரை இருக்கறதால இனி வெச்சிருக்க வேண்டாம்னு இங்க டாக்டரும் ஒத்துக்கிட்டாங்க” என்றாள். வயிற்றில் இருக்கிற பிள்ளை முதல் முதலாகத் தன்னிடம் பேசிவிட்டது போல ஒரு குரல். அந்தக் குரலை நினைக்கும்போதுதான் எனக்கு இன்றைக்கும் ரத்தம் கொதிக்கிறது.

கதவு திறந்தது. நேரம் தவறாமல் எடுத்தார்கள். பேரன் ஒரு தரம் அழுதான். அப்புறம் முனக ஆரம்பித்தான்.

குழந்தைகள் டாக்டர் பெயர் ஜமீலா. வாணியம்பாடிப் பக்கம். கண்ணாடி வழியாக எங்களுக்குக் காட்டினார். ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுக்குழி முதுகைத் தொடுகிற மாதிரி உள்ளே போனது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மூக்கு விடைத்தது. மலை ஏறுகிறவன் மாதிரி இரைத்தான். அவன் ஏறின மலையை நான் பார்க்க முடியவில்லை.

“பதிவேட்டுல நுரையீரல் நல்லாப் பழுத்திருக்குன்னு இருக்கு. என் கண்ணு இல்லைங்குது” என்றார் டாக்டர். “படம் எடுத்தா நெஞ்சு பூரா பனி படிஞ்ச கண்ணாடி மாதிரி வெள்ளையா இருக்கு. கிருமித் தொற்றா இருந்தாலும் அப்படித்தான் தெரியும். அதுக்கு மருந்து ஆரம்பிச்சிட்டேன். மூச்சுக்கு மெஷினும் வெச்சாச்சு. தாங்கலை.”

“பழுக்கலைன்னா என்னங்க ஆகும்?” என்று மாப்பிள்ளை கேட்டார்.

“ஈரமான பாலித்தீன் பையைத் திறந்து பார்த்திருக்கீங்களா? ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டு வரவே வராது. உள்ள கொஞ்சம் சோப்புத் தண்ணி பட்டா வழுக்கிக்கிட்டுத் திறந்துக்கும். நுரையீரல் பூரா அப்படிப் பொடிப்பொடிப் பைதான். அந்தச் சோப்பு ஊறலைன்னா ஒவ்வொரு மூச்சுக்கும் ஒட்டின பையைப் புதுசாப் பிரிக்கணும். பெரியவங்களாலயே முடியாது.”

“அந்தச் சோப்பு கடைல இல்லீங்களா?” என்றேன்.

“இருக்குங்கய்யா. இங்கயே இருக்கு. குழாய் வழியா நெஞ்சுக்குள்ள ஊத்தினா போதும். ஆனா அந்த மருந்துப் பெட்டியும் அதே பதிவேட்டைக் கேட்டுத்தான் திறக்கும். பழுத்த பிள்ளைக்கு எதுக்குன்னு கேட்டு மூடிக்குது. சென்னைல பதிவேட்டு ஆபீஸுக்கு எழுதியிருக்கேன். அவங்க எனக்குக் கேள்வி எழுதிட்டு இருக்காங்க.”

பிறகு எங்கள் மூன்று பேரையும் நிற்கவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிறவர் குரல் அது.

“மாசம் குறைவு. வலி வராம அறுத்து எடுத்திருக்கு. வலி வந்திருந்தா நுரையீரல் தன்கிட்ட இருக்கிற தண்ணியை வடிச்சு மூச்சுக்குத் தயாராகியிருக்கும், அது இவனுக்குக் கிடைக்கலை. அம்மாவுக்குச் சர்க்கரை. சர்க்கரை இருந்தா பிள்ளை கொழுகொழுன்னு தெரியும், ஆனா நுரையீரல் மெதுவாத்தான் பழுக்கும். அதுக்கு மேல ஆண் பிள்ளை. இத்தனையும் சேர்ந்த குழந்தைக்கு, ஊர்ல எந்தக் குழந்தைக்கும் இல்லாம அஞ்சு வாரம் முன்னாடியே பழுத்துதுன்னா எப்படி?”

“ஆம்பளையாப் பொறந்தது ஒரு குத்தமுங்களா?” என்றார் வையாபுரி.

“குத்தம்னு சொல்லலை. ஆபத்து. பெண் குழந்தைக்கு முன்னாடியே பழுத்துடும்.”

வையாபுரிக்கு அது பிடிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். “சர்க்கரை உங்க ஊட்டுச் சொத்துங்க சம்பந்தி.”

“ஆமாங்க. சீர்வரிசைல எழுத மறந்துட்டனுங்க.”

“சண்டையை வெளிய வெச்சுக்குங்க” என்றார் டாக்டர். “யாராவது ஏதாவது செஞ்சிருந்தா இப்பவே சொல்லிடுங்க. பழுக்கலைன்னு தெரிஞ்சிருந்தா எடுக்கவே மாட்டோம். எடுத்தே ஆகணும்னாலும் முன்னாடியே அம்மாவுக்கு ஊசி போட்டுப் பழுக்க வெச்சிருப்போம். பதிவு சரின்னு சொன்னதாலதான் யாரும் எதுக்கும் தயாரா இல்லை.”

மாப்பிள்ளை அப்பாவைப் பார்த்தார். அப்பா சுவரில் மாட்டியிருந்த ஒரு குழந்தைப் படத்தைப் பார்த்தார். படத்துக் குழந்தை பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

அரை நாள் போனது. சென்னையிலிருந்து இன்னொரு கேள்வி வந்தது. உள்ளே மெஷின் சத்தம் மாறியது. ஒரு பக்க நுரையீரலில் ஓட்டை விழுந்து காற்று வெளியே கசிகிறது என்றார்கள். உள்ளங்கை அகல நெஞ்சில் ஊசி குத்திக் காற்றை எடுத்தார்கள். வையாபுரி அப்போதும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானத்துக்கு மேல் வாசலில் தாலாட்டுக் கேட்டது.

துளசிமணி ஆட்டோவிலிருந்து இறங்கி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கையில் இருந்த காப்பு நிற்காமல் பாடிக்கொண்டிருந்தது.

“ஏனுங்க மொதலாளி, எனக்குப் பையன் பொறந்துட்டானாமுங்க” என்றாள். “காலைல இருந்து வாழ்த்துச் சொல்லிப் பாடிக்கிட்டே கெடக்குது. மொதல்ல ரிப்பேர்னு உட்டுட்டனுங்க. நிக்கவே மாட்டேங்குது. ஹேட்சரில குஞ்செல்லாம் தூங்கி விழுகுது. உள்ள இவன் உதைச்சுக்கிட்டேதான் இருக்கறான். அப்பப் பொறந்தது யாருங்க?”

டாக்டர் ஜமீலா துளசிமணியிடம் வந்தார். அவள் கையைத் திருப்பிக் காப்பின் உள்பக்கத்தைப் படித்தார். சாருமதி சபரீஷ் என்று இருந்தது. உள்ளே ஓடி, தியேட்டரில் என் மகள் கையிலிருந்து வெட்டித் தட்டில் போட்டிருந்த காப்பை எடுத்துவந்தார். அதில் துளசிமணி.

“பொட்டி மாறிப் போச்சாட்ட இருக்குது” என்றார் வையாபுரி.

மாறவில்லை. ஆரத்தி சுற்றுகிற சந்தடியில் பெட்டிகளை மாற்றி வைத்தது அவருடைய தங்கை. மாற்றச் சொன்னது அவர். மூத்த வயிற்றின் சம்மதத்தை இளைய வயிற்றின் பெயரில் வாங்கிக்கொண்டார். நுரையீரலுக்கு ஆள்மாறாட்டம் பண்ணியவர் உலகத்திலேயே என் சம்பந்தி ஒருவராகத்தான் இருப்பார். இதெல்லாம் பிறகு அவர் வாயாலேயே வந்தது. நான் அவரை அடிக்கவில்லை. இந்த வயதில் கையை ஓங்கினால் இறக்குவதற்கு இரண்டு ஆள் பிடிக்க வேண்டும்.

டாக்டர் துளசிமணியை உட்கார வைத்தார்.

“அம்மா, அந்த அறைக்குள்ள இருக்கிற குழந்தையோட பழுக்காத நுரையீரல் உங்க பேர்லதான் பதிவாயிருக்கு. உங்க பேர்ல கேட்டா மருந்துப் பெட்டி இப்பவே திறக்கும். அதுக்கு உங்க கைரேகை வேணும்.”

“வெச்சாப் போச்சுங்க.”

“முழுசாக் கேளுங்க. வெச்சீங்கன்னா உங்க பிள்ளை பொறந்து மருந்தும் வாங்கிட்டதா ஆயிடும். அதைத் திருத்த நாளாகும். அதுக்குள்ள உங்களுக்கு ஆபரேஷன் வேணும்னு வந்தா, பிள்ளை ஏற்கெனவே பொறந்தாச்சுன்னு கதவு திறக்காது. ரெண்டு டாக்டர் துணிஞ்சு கைரேகை வெச்சாத்தான் உண்டு. நான் ஒருத்தி வைப்பேன். இன்னொருத்தருக்கு நான் உத்தரவாதம் இல்லை.”

துளசிமணி வயிற்றின் மேல் கையை வைத்தாள். உள்ளே இருந்தவன் உதைத்திருக்க வேண்டும், கை சற்று எழும்பி இறங்கியது.

வையாபுரி கையைக் கூப்பினார். “துளசி, நீ என்ன கேட்டாலும்…”

“நீங்க பேசாதீங்க மொதலாளி” என்றாள். “மிஷின் கதவை நடுவுல தொறந்தான்னு வேலுச்சாமியண்ணனைச் சீட்டுக் கிழிச்சீங்களே. அது கோழிக்குஞ்சு. இதுக்கு யார் சீட்டைக் கிழிக்கறதுங்க?”

அவர் கூப்பிய கை அப்படியே நின்றது.

“உங்களுக்காக வெக்கலீங்க. அந்தக் கொழந்தை உங்களைத் தாத்தாவாக் கேக்கலை” என்று சொல்லி டாக்டர் நீட்டின கருவியில் கட்டைவிரலை அழுத்தினாள். பிறகு காப்பை வெட்டச் சொல்லி வாங்கி, வையாபுரியின் சட்டைப் பையில் போட்டாள். அது அங்கேயும் பாடிக்கொண்டிருந்தது.

பெட்டி திறந்தது. மருந்து போனது. முனகல் மெதுவாக அடங்கியது. ஆனால் ஓட்டை விழுந்த நெஞ்சு ஆற வேண்டும், அதுவரை குழாயும் மெஷினும் எடுக்கக்கூடாது, எத்தனை நாள் என்று அவன்தான் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர்.

சாருமதிக்கு நான்தான் சொன்னேன். அவள் அழவில்லை. “அப்ப அவன் சரின்னு சொல்லவே இல்லையாப்பா?” என்று மட்டும் கேட்டாள். நான் பதிலுக்குப் போர்வையைச் சரிசெய்தேன்.

அடுத்த வாரம் பதிவேட்டு அலுவலகத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். வழக்கு, தண்டனை எல்லாம் சொன்னார். வையாபுரி தலையாட்டிக்கொண்டே கேட்டார். வக்கீல் இருக்கிறார் என்கிற தலையாட்டல். கடைசியில் அந்த அம்மாள் பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:

“பிறந்த தேதியை இப்பப் பதியமாட்டோம். சம்மதம் இல்லாம எடுத்த குழந்தைக்கு, அது தானா மூச்சுவிடற நாள்தான் பிறந்த நாள்னு சட்டத்துல இருக்கு. குழாயை எடுத்ததும் டாக்டர் தேதி எழுதி அனுப்புவாங்க.”

வையாபுரியின் தலையாட்டல் அப்போதுதான் நின்றது. மறுநாள் பங்குனிக் கடைசி.

சட்டம் எழுதினவனுக்கு வையாபுரியைத் தெரியாது. நட்சத்திரம் பார்த்து அறுக்கிறவர்களுக்குப் புத்தி வரட்டும் என்று எழுதியிருக்கிறான். வையாபுரி மறுநாள் காலையில் புத்தியோடு வரவில்லை, ஒரு வெளியூர் டாக்டரோடு வந்தார். அந்த டாக்டர் கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்துவிட்டு, “இன்னைக்கே எடுத்துப் பார்க்கலாம், அப்பா கையெழுத்துப் போட்டாப் போதும்” என்றார். ஜமீலா முடியாது என்றார். மேலிடத்துக்குப் போன் போனது. மேலிடம் ஜமீலாவைக் கூப்பிட்டு நீங்கள் கொஞ்சம் ஓய்வெடுங்கள் என்றது. அவர் ஓய்வெடுக்காமல் மெஷின் பக்கத்திலேயே நின்றுகொண்டார். மாப்பிள்ளை கையில் தாளும் பேனாவும் கொடுத்தார்கள்.

தியேட்டருக்கு அவ்வளவு பெரிய பூட்டு வைத்த அரசாங்கம், குழந்தைகள் கிடக்கிற அறைக்குச் சாதாரணக் கண்ணாடிக் கதவுதான் வைத்திருந்தது. தள்ளினால் திறக்கும். நாங்கள் போனபோது அதைத் தள்ள முடியவில்லை. தையல் ஆறாத வயிற்றோடு சாருமதி சக்கர நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தாள்.

“அம்மிணி, தள்ளிக்க. எல்லாம் டாக்டர் பாத்துக்குவாரு” என்றார் வையாபுரி.

“எந்த டாக்டருங்க மாமா? உள்ள இருக்கறவங்க வேண்டாம்னுட்டாங்க.”

“நல்லதுக்குத்தான் கண்ணு சொல்றேன். இன்னைக்கு ஒரு நாள். ஒரே ஒரு மூச்சு அவனா உட்டாப் போதும், தேதி எழுதிட்டு மறுபடி மாட்டிக்கலாம்.”

“உங்க மிஷின் கதவைத் தொறந்து ஒரே ஒரு தடவை எட்டிப் பாத்துக்கட்டுமான்னு நான் கேட்டா உடுவீங்களா?”

“அது வியாவாரம்…”

“ஆமாங்க. அதனாலதான் அங்க கவனமா இருக்கறீங்க.”

வையாபுரி மகனைப் பார்த்தார். “ஏன்டா மரமாட்ட நிக்கற? கையெழுத்தைப் போடு. சித்திரைல பொறந்தா நான் போய்ச் சேர்ந்துருவேன்டா.”

மாப்பிள்ளை பேனாவைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாருமதியும் பார்த்தாள். அவள் குரல் உயரவே இல்லை.

“போடுங்க. உங்க அப்பா உயிருக்குப் பயந்துட்டாரு பாவம். போட்டுட்டு வேற யாரையும் அனுப்பாதீங்க. நீங்களே உள்ள வந்து உங்க கையால அந்தக் குழாயைப் புடுங்குங்க. நான் தள்ளிக்கறேன்.”

சொல்லிவிட்டு, சொன்னபடியே நாற்காலியை ஒரு அடி பின்னால் உருட்டினாள். வழி விட்டாள். மாப்பிள்ளை கதவில் கையை வைத்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேரன். நெஞ்சில் ஒட்டிய பிளாஸ்திரி நெஞ்சைவிடப் பெரிதாக இருந்தது. மெஷின் ஊதும்போது ஏறி, விடும்போது இறங்கியது. அவர் எத்தனை தரம் அது ஏறி இறங்குவதைப் பார்த்தாரோ, அப்படியே கதவில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துவிட்டார். பேனா மட்டும் உருண்டு என் செருப்புக்கு வந்தது. அதன் மேல் நின்றுகொண்டேன்.

வெளியூர் டாக்டருக்கு ஏதோ போன் வந்தது. வராமலேயே வந்தது என்று நினைக்கிறேன். காதில் வைத்துக்கொண்டே போய்விட்டார்.

அன்று பொழுது சாய்வதற்குள் துளசிமணிக்கு வலி வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் கதவு கிதவு எதுவும் தேவைப்படாமல், தானாகவே பெற்றுவிட்டாள். பையன் போட்ட சத்தத்தில் மூன்று தெருவுக்குக் கரண்ட் போய் வந்தது. அவனைப் பதியப் போனபோது, “உங்க குழந்தைக்கு ஏற்கெனவே மருந்து கொடுத்தாச்சே, இது யார்?” என்று கேட்டார்களாம். அந்தக் கேள்விக்கு அவள் இன்னும் ஆபீஸ் ஆபீஸாக அலைகிறாள். இடுப்பில் பிள்ளையோடு போய், பிள்ளை பிறந்தது என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. வையாபுரியின் வக்கீல் அவர் வழக்குக்கு ஒழுங்காக வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார்.

சித்திரை பிறந்து சில நாள் கழித்து, ஜமீலா டாக்டர் குழாயை எடுத்தார். பேரன் ஒரு நிமிஷம் எங்கள் எல்லாரையும் காக்க வைத்தான். அப்புறம் அழுதான். குழாய் இருந்த தொண்டை, கிழவன் இருமுகிற மாதிரி இருந்தது அந்த அழுகை. சாருமதி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துத் தேதியை எழுதினார். வையாபுரி வெளியே போய் நின்றுகொண்டார்.

இப்போது சாருமதி எங்கள் வீட்டில் இருக்கிறாள். மாப்பிள்ளை வாராவாரம் வந்து, பால் புட்டி கழுவி வைத்துவிட்டுப் போகிறார். அதைத் தாண்டி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பேரனுக்குப் பனிக் காலத்தில் நெஞ்சு விசில் அடிக்கிறது. சளி பிடித்தால் மறுபடி அந்த விலா எலும்புகள் தெரிகின்றன. பெரியவனாகும்போது சரியாகலாம், ஆகாமலும் போகலாம் என்கிறார் ஜமீலா. சித்திரைப் பிள்ளையால் வையாபுரிக்கு ஒன்றும் ஆகவில்லை. கல் மாதிரி இருக்கிறார். சர்க்கரை கூடக் கிடையாது. அந்த விஷயத்தில்தான் எனக்கு ஜோசியத்தின் மேல் இருந்த நம்பிக்கை சுத்தமாகப் போய்விட்டது.

போன பங்குனியில், அவர் அறுத்து எடுக்கச் சொன்ன அதே தேதியில், வாசலில் கார் வந்து நின்றது. வையாபுரி பட்டு வேட்டியில் இறங்கினார். ஒரு கையில் கேக், ஒரு கையில் தங்க அரைஞாண். நான் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு, வாங்க என்று சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

“பேரனுக்குப் பொறந்தநாளுங்க சம்பந்தி. ஒரு வயசு ஆச்சு பாருங்க” என்றார்.

சாருமதி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். கதவை முழுக்கத் திறக்கவில்லை. அவன் அந்த இடுக்கு வழியாகக் கேக்கைப் பார்த்துக் கையை நீட்டினான். அவள் அந்தக் கையை மெதுவாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“என்ற பையன் இன்னும் பொறக்கலீங்க மாமா” என்றாள். “பொறந்தப்புறம் வாங்க.”